சின்னப் படுக்கையறையில் தலைமாட்டு விளக்கு: எந்தத் தொல்லைக்கு என்ன வழி

இரண்டு அறை உள்ள வீட்டில் ஓர் அறை 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும், மற்றது 7.5 சதுர மீட்டர் இருந்தால் போதும், அகலம் 2.1 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. அடியில் சொன்னால் அந்தச் சின்ன அறை ஏழுக்குப் பதினொன்றே முக்கால். அதில் ஐந்தடி அகலக் கட்டிலைப் போட்டால் நடக்க இரண்டடி மிஞ்சும். பீரோ கதவு திறப்பதும் அந்த இரண்டடிக்குள்தான். கட்டிலுக்கு இரு பக்கமும் குட்டி மேசை, மேசைமேல் குடை போட்ட விளக்கு என்று கடையில் காட்டுகிற ஏற்பாடெல்லாம் இங்கே நடக்காது.

இந்த மாதிரி அறையில் வெளிச்சம் சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் செய்வது பல்பை மாற்றுவது. ஒன்பது வாட் போய்ப் பன்னிரண்டு வாட் வரும். தொல்லை அப்படியே இருக்கும், கண்கூச்சம் மட்டும் கூடும். விளக்கு எங்கே இருக்கிறது, அதன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். பல்பு மூன்றாவது. விளக்கின் அழகு நாலாவது. அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

எதை வாங்குவதற்கு முன்பும் ஒரு சோதனை செய்யலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வழக்கமாக எப்படிச் சாய்ந்து படிப்பீர்களோ அப்படியே சாய்ந்துகொள்ளுங்கள். வீட்டில் ஒருவரைச் செல்போன் டார்ச்சைத் தலைக்குப் பின்னால், தோளுக்கு மேலே, பக்கவாட்டில் என்று நகர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். டார்ச் மேல் டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்தால் உறுத்தாது. புத்தகப் பக்கம் முழுக்க வெளிச்சம் விழுந்து, கண்ணும் கூசாமல் இருக்கிற இடம் எதுவோ, அங்கே சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அந்தப் புள்ளியை நம்பலாம்.

இனி உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

## விளக்கு வைக்க இடமே இல்லை

கட்டிலின் தலைமாடு சுவரை ஒட்டி இருந்தால் சுவர் விளக்குதான் முதல் தேர்வு. தரையில் இடம் பிடிக்காது, தூக்கக் கலக்கத்தில் கை பட்டு விழவும் விழாது. உயரத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எலக்ட்ரீஷியனிடம் "ஒரு வால் லைட் போடுங்க" என்று மட்டும் சொன்னால், ஆறரை அடி உயரத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். வராந்தாவுக்கு அது சரி. படிக்கிறவருக்கு, தலையணையில் சாய்ந்து உட்காரும்போது கண் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, விளக்குக் குடையின் கீழ்விளிம்பு அந்த மட்டத்துக்கு வர வேண்டும். கட்டில் மெத்தையோடு ஒன்றரை அடி என்றால், இது தரையிலிருந்து நாலடிக்குப் பக்கம் வரும். படுத்துக்கொண்டேதான் படிப்பேன் என்பவர் இன்னும் அரை அடி இறக்கலாம். தரையில் மெத்தை விரித்துப் படுக்கிற வீட்டில் இரண்டரை அடியே போதும். ஆனால் அந்த உயரம் தவழும் குழந்தைக்கு எட்டும் என்பதால் அங்கே ஹோல்டரும் பல்பும் வெளியே தெரியும் விளக்கு வேண்டாம்.

துளை போடும் முன் சுவிட்ச் பாக்ஸ் எங்கே என்று பாருங்கள். அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ட்ரில் வைக்காதீர்கள். சுவருக்குள் வயர் பைப் பெரும்பாலும் அங்கிருந்து நேராகத்தான் ஏறும். மழைக்காலத்தில் ஓதம் காக்கும் வெளிச்சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.

சுவரை வெட்டிப் பைப் பதிக்க மனமில்லை என்றால், பிளக் வைத்த சுவர் விளக்குகள் கிடைக்கின்றன. இரண்டு திருகு போட்டு மாட்டி, வயரைப் பிளாஸ்டிக் கேசிங் பட்டிக்குள் விட்டு, இருக்கிற பிளக் பாயிண்டுக்குக் கொண்டுபோகலாம். பட்டியைச் சுவரின் மூலையோடும் கட்டில் விளிம்போடும் ஒட்டி ஓட்டினால் கண்ணில் படாது. தலையணைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். துணிக்கும் பஞ்சுக்கும் நடுவே சூடாகும் பிளக் தீப்பிடிக்கும்.

துளையே கூடாது என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டாரா? அப்போது பீரோவைப் பாருங்கள். சின்ன அறைகளில் இரும்பு பீரோ பெரும்பாலும் கட்டிலுக்குக் கை எட்டும் தூரத்தில்தான் நிற்கும். அடியில் காந்தம் வைத்த, சார்ஜ் போடும் விளக்கு ஒன்றை அதன் பக்கவாட்டுத் தகட்டில் ஒட்ட வைத்தால் முடிந்தது. ஏற்றலாம், இறக்கலாம், வீடு மாறும்போது எடுத்துக்கொண்டும் போகலாம். கதவில் மட்டும் ஒட்டாதீர்கள், திறக்கும்போதெல்லாம் சுவரில் மோதும். என்னைக் கேட்டால் வாடகை வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. மர பீரோ வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கொடுப்பினை கிடையாது.

கிளிப் விளக்கு தலைப்பலகையில் நன்றாகப் பிடிக்கும், பலகை கிளிப்பின் வாய்க்குள் அடங்கினால். இரும்புக் கட்டிலின் உருண்டைக் குழாயில் கிளிப் வழுக்கிச் சுற்றிக்கொண்டு, நடுப் பக்கத்தில் விளக்கு தலைகுப்புறத் தொங்கும். குழாயில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் கிளிப்பை மாட்டுங்கள். அசையாது.

மேலே இருந்து தொங்கும் விளக்கு படத்தில் நன்றாக இருக்கும். ஆனால் 48 அங்குல விசிறி எட்டடி அகல அறையின் நடுவில் சுற்றினால், இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டடிதான் இருக்கும். அந்த இடைவெளியில் தொங்குகிற எதுவும் காற்றில் ஆடும். ஆடுகிற வெளிச்சத்தில் படிக்க முடியாது. மூடிய ஏ.சி. அறை என்றால் பார்க்கலாம்.

## டியூப்லைட் பளீரென்று எரிகிறது, புத்தகம் மட்டும் இருட்டாக இருக்கிறது

டியூப்லைட் உங்கள் கால்மாட்டுச் சுவரில் இருந்தால், புத்தகத்தின் முதுகுப்பக்கம்தான் வெளிச்சம் விழும். பக்கம் நிழலில் கிடக்கும். அதே டியூப்லைட் தலைமாட்டுக்கு மேலே இருந்தால் உங்கள் தலையின் நிழலே புத்தகத்தில் விழும். 20 வாட் எல்.இ.டி டியூப் 2000 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) வரை தரக்கூடியது. அதற்கு மேல் பெரியது வாங்கியும் பயன் இல்லை.

இங்கே உதவுவது தூரம்தான். விளக்கிலிருந்து இருக்கும் தூரம் பாதியானால் விழும் வெளிச்சம் நாலு மடங்காகும், மூன்றில் ஒன்றானால் ஒன்பது மடங்கு. ஆறடி தள்ளி இருக்கும் விளக்குக்குப் பதில், இரண்டடி தள்ளி ஒரு சின்ன விளக்கு இருந்தால், மூன்று வாட் எல்.இ.டியே படிக்கப் போதும். தோளுக்குப் பின்னால், சற்று மேலிருந்து, பக்கத்தின் மேல் சாய்வாக விழட்டும். வயதானவர்களுக்கு இதே தூரத்தில் ஐந்து வாட் வையுங்கள். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. "எனக்குத் தெரியுதே, அப்பாவுக்கு ஏன் தெரியல" என்று கேட்பதில் பொருள் இல்லை.

பல்பு மாட்டும் விளக்கு வாங்கினால் ஹோல்டர் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் வழக்கமாக இருப்பது பி-22 பின் ஹோல்டர். அலங்கார விளக்குகள் பலவும் இ-27 அல்லது இ-14 திருகு ஹோல்டரோடு வரும். இ-14 பல்பு தெருமுனைக் கடையில் சுலபமாகக் கிடைக்காது. எரிந்துபோன அன்று ராத்திரி அலைய வேண்டியிருக்கும். பெட்டியில் நிறக் குறியீட்டு எண் (சி.ஆர்.ஐ., நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்பதன் அளவு) போட்டிருந்தால் 80-க்குக் குறையாமல் பாருங்கள். புத்தகத்தில் வண்ணப் படங்கள் பார்க்கிறவர்கள், படுக்கையில் தையல் போடுகிறவர்கள் 90 தேடலாம்.

## கண் கூசுகிறது

பல்பு கண்ணுக்கு நேரே தெரிந்தால் கூசும். உயரத்தை மேலே சொன்னபடி சரிசெய்தாலே பாதி தீர்ந்துவிடும். மீதிக்கு, ஒளி ஊடுருவாத உலோகக் குடை போட்ட விளக்கு வேண்டும். பால் கண்ணாடிக் குடை எல்லாப் பக்கமும் வெளிச்சம் கொட்டும். சின்ன அறையில் அதற்கும் கண்ணுக்கும் நடுவே போதிய தூரம் கிடையாது.

உயரம் சரி, குடை சரி, இருந்தும் கூசுகிறது என்றால் எதிரே ஏதாவது மின்னுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது பீரோ கண்ணாடி. தலைமாட்டு விளக்கு கால்மாட்டுக் கண்ணாடியில் பிரதிபலித்து நேரே முகத்தில் அடிக்கும். பளபளப்பான லேமினேட் அலமாரிக் கதவும், அணைத்து வைத்த டிவித் திரையும் இதையே செய்யும். படுத்த நிலையிலேயே பார்த்து, கண்ணாடியில் பல்பு மறையும்வரை விளக்கின் கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முடியவில்லை என்றால் கண்ணாடிக்கு ஒரு துணித்திரை. அம்மாக்கள் பலர் இரவில் கண்ணாடியை மூடச் சொல்லும் வழக்கம் உள்ள வீடுகளில் இந்தத் தொல்லை வந்ததே இல்லை!

கொசுவலை கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வகைக் கூச்சம் உண்டு. வலைக்கு வெளியே இருக்கும் விளக்கு வெள்ளை வலையில் பட்டதும் வலை முழுக்க ஒளிர்ந்து, கண்ணுக்கு முன்னால் மங்கலான திரை நிற்கும். விளக்கை வலைக்குள் கொண்டுவருவதுதான் வழி. சார்ஜ் போட்ட சின்ன விளக்கை வலையின் மேல் முனையில் உள்ள நாடாவில் கட்டித் தொங்கவிடலாம். பழைய குண்டு பல்பை வலைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள், நைலான் உருகிவிடும்.

## நான் படித்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தூக்கம் வரவில்லை

அகலமாகப் பரவும் விளக்கைத் தவிர்த்துவிட்டு, குறுகிய கோணத்தில் அடிக்கும் படிப்பு விளக்கை எடுங்கள். பெட்டியில் ஒளிக்கோணம் என்று போட்டிருப்பதில் 25 முதல் 40 டிகிரி. வளையும் கழுத்து இருந்தால் நல்லது. ஆளுக்கொரு விளக்கு, ஆளுக்கொரு சுவிட்ச் என்பதே நிரந்தரத் தீர்வு. நடுவில் ஒரே விளக்கைப் போட்டுவிட்டு இருவரும் அதைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

கோணம் குறுகியதாக இருந்தும் அறை பளிச்சென்று ஆகிறதா? வெள்ளைப் பக்கமும் வெள்ளைச் சுவரும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. வாட்டைக் குறைத்து விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள். புத்தக அட்டையிலேயே கவ்வும் மஞ்சள் ஒளிக் குட்டி விளக்கு இதற்கென்றே வந்தது. செல்போனில் படிப்பவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை, திரை வெளிச்சத்தைக் குறைத்தால் போதும்.

## படித்து முடித்தபிறகும் தூக்கம் பிடிக்கவில்லை

பல்புப் பெட்டியைப் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் என்ற எண் 6500 என்றிருந்தால் காரணத்தில் ஒரு பகுதி அதுதான். நம் கடைகளில் எதுவும் சொல்லாமல் "ஒரு எல்.இ.டி பல்பு" என்று கேட்டால் கைக்கு வருவது இந்தக் கூல் டேலைட் வெள்ளைதான். தலைமாட்டுக்கு 2700 அல்லது 3000 கெல்வின், அதாவது வார்ம் வொயிட் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "மஞ்சள் லைட்டா சார், டல்லா இருக்குமே" என்பார். அந்த டல்தான் நமக்கு வேண்டும்.

விழித்திரையில் உருவம் பார்க்கும் செல்கள் தவிர, இப்போது பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் செல்கள் தனியாக உள்ளன. அவை 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு அதிகம் விழித்துக்கொள்ளும். அந்த ஒளி பட்டால் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். நிறம் மட்டும் மாறினால் போதாது, அளவும் குறைய வேண்டும். மஞ்சள்தானே என்று 12 வாட்டைக் கண்ணெதிரே எரியவிட்டால் அதுவும் விழிக்கவே வைக்கும்.

இந்த வகையில் மோசமானது நீல நிற நைட் லேம்ப். குளிர்ச்சியாக இருக்கிறது என்று பல வீடுகளில் விடிய விடிய எரியும். அதை எடுத்துவிட்டுச் சிவப்போ ஆரஞ்சோ போடுங்கள். இன்னும் பழைய ஜீரோ வாட் பல்பு இருந்தால் அதையும் மாற்றலாம். பெயர்தான் ஜீரோ, இழுப்பது 15 வாட் வரை. தினம் ஒன்பது மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் அது எட்டு யூனிட். அரை வாட் எல்.இ.டி நைட் லேம்புக்கு அதே கணக்கில் கால் யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும்.

## வெளிச்சம் துடிக்கிறது

துடிப்பில் வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

விசிறியை நிறுத்திப் பாருங்கள். துடிப்பு நின்றுவிட்டால் பல்பில் குற்றமில்லை. விளக்கு விசிறி இறக்கைக்கு மேல் இருக்கிறது. மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் நொடிக்கு 15 முறை நிழல் வெட்டும். தலைவலிக்கு இது போதும். ஒளித்துடிப்பால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்தும்கூட. மேல்கூரை விளக்கை அணைத்துவிட்டு, இறக்கை மட்டத்துக்குக் கீழே இருக்கும் தலைமாட்டு விளக்கை மட்டும் எரியவிடுங்கள்.

விசிறியை நிறுத்தியும் துடித்தால், செல்போன் கேமராவைத் திறந்து விளக்குப் பக்கம் காட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது பல்புக்குள் இருக்கும் டிரைவரின், அதாவது எல்.இ.டிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்றின், தரக்குறைவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான டிரைவர் நொடிக்கு 100 முறை வெளிச்சத்தை ஏற்றி இறக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் சிலருக்குக் கண்வலி வரும். பல்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. வாங்கும்போது பெட்டியில் ஐ.எஸ். 16102 என்ற இந்தியத் தர எண்ணும் அதன் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் போட்டிருந்தால் சந்தேகம் அதன்மேல். பழைய டிம்மர்கள் குண்டு பல்புக்குச் செய்தவை. சாதாரண எல்.இ.டியை அதில் மாட்டினால் குறைக்கும்போது நடுங்கும், 'ங்ஙீ' என்று இரையும், சீக்கிரம் கெட்டும் போகும். டிம்மபிள் என்று அச்சிட்ட பல்பும், எல்.இ.டிக்கு ஏற்ற டிம்மரும் இரண்டும் சேர்ந்தால்தான் வேலை செய்யும். என் யோசனை, டிம்மரையே விட்டுவிட்டு மூன்று நிலை உள்ள விளக்காக வாங்குவது.

கரண்ட் போனபோது மட்டும் துடித்து இரைகிறதா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வேலை. அடுத்த முறை மாற்றும்போது சைன் வேவ் வாங்குங்கள், அதுவரை சார்ஜ் விளக்கு.

## அணைத்தபிறகும் பல்பு மங்கலாக மினுங்குகிறது

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. முதலில் சுவிட்சில் சிவப்பாக எரியும் இண்டிகேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும்போது அந்தச் சின்ன விளக்கு வழியாகக் கசியும் துளி மின்சாரம் பல்புக்குள் சேர்ந்து, மினுக் மினுக் என்று காட்டும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சுக்கு மாறினால் நின்றுவிடும். இரண்டு இடத்தில் சுவிட்ச் வைத்த நீள வயரிங்கிலும், பக்கத்து வயரிலிருந்து தூண்டப்படும் மின்சாரம் இதையே செய்யும். அதற்கென உள்ள கெப்பாசிட்டரை ஹோல்டருக்குக் குறுக்கே எலக்ட்ரீஷியன் இணைத்துக் கொடுப்பார்.

மூன்றாவது காரணம் இருந்தால் அலட்சியம் கூடாது. சுவிட்ச், ஃபேஸுக்குப் (மின்சாரம் வரும் வயர்) பதில் நியூட்ரலைத் (திரும்பிப் போகும் வயர்) துண்டிக்கிறது. அப்படி இருந்தால் நீங்கள் விளக்கை அணைத்தபிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கும். பல்பு மாற்றக் கை வைத்தால் அடிக்கும். எலக்ட்ரீஷியனிடம் "சுவிட்ச் ஃபேஸ்லதான் இருக்கா பாருங்க" என்று கேட்டால் டெஸ்டர் வைத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அதுவரை மெயினை அணைக்காமல் பல்பைத் தொடாதீர்கள்.

## நடு ராத்திரியில் தானாக எரிகிறது

கரண்ட் போய் வந்தபோது எரிகிறதா என்று கவனியுங்கள். ஸ்மார்ட் பல்புகள் பல, மின்சாரம் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் வருகின்றன. சுவரில் இருக்கும் சுவிட்சை யாரோ அணைத்துப் போட்டாலும் எரியத்தானே வேண்டும் என்பதற்காக. செயலியில் மின்சாரம் திரும்பியபின் என்ன நிலை என்று கேட்கும் அமைப்பு இருக்கும். அதைக் கடைசி நிலை என்று மாற்றிவிட்டால் மூன்று மணிக்கு முகத்தில் வெள்ளை அடிக்காது. அந்த அமைப்பே இல்லாத பல்பைப் படுக்கையறையில் வைக்காதீர்கள், கூடத்துக்கு மாற்றுங்கள். தொட்டால் எரியும் விளக்குகளும் மின்சாரம் ஏறி இறங்கினால் விழித்துக்கொள்ளும். நம் ஊர் வோல்டேஜுக்கு சாதாரண பட்டன்தான் லாயக்கு.

## அணைக்க எழுந்து வாசல்வரை போக வேண்டியிருக்கிறது

புது வீடு, அல்லது வயரிங் மாற்றும் நேரம் என்றால் டூ வே சுவிட்ச் கேளுங்கள்: கதவோரம் ஒன்று, தலைமாட்டில் ஒன்று, மாடிப்படி விளக்குக்குப் போடுவார்களே அதே இணைப்பு. தலைமாட்டுச் சுவிட்ச், படுத்தபடி கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். கட்டிலின் தலைப்பலகைக்குப் பின்னால் மறைந்து போகாதபடி, கட்டிலின் அளவை எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மெத்தைக்கு மேலே அரை அடி கணக்கு.

முடிந்துபோன வீட்டில், வயரிலேயே சுவிட்ச் உள்ள பிளக் விளக்கு அல்லது ரிமோட்டோடு வரும் ஹோல்டர். தாத்தா காலத்தில் கட்டிலோரம் தொங்கிய பேரிக்காய் வடிவ பெட் சுவிட்ச் இன்னும் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. கை பட்டதும் தேடாமல் கிடைக்கும், அதற்கு ஈடில்லை. ஆனால் உள்ளே ஓடுவது 230 வோல்ட். மூடியில் விரிசல் கண்டால் அன்றே தூக்கி எறியுங்கள்.

## ஒட்டிய விளக்கு விழுந்துவிடுகிறது

உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது மலிவான டிஸ்டெம்பர்; எவ்வளவு உசத்தியான டேப் வாங்கினாலும் பொடியோடுதான் ஒட்டும், பொடியோடு கீழே வரும். பசை நன்றாகப் பிடிப்பது டைல்ஸ், லேமினேட், கண்ணாடி, பெயிண்ட் அடித்த இரும்பு ஆகியவற்றில். தலைப்பலகையில் ஒட்டுங்கள், சுவரை விட்டுவிடுங்கள்.

## இரவில் பாத்ரூம் போக எழுந்தால் எல்லோரும் விழிக்கிறார்கள்

ஆள் நடமாட்டம் கண்டால் எரியும் சென்சார் விளக்கு, கட்டிலின் அடிச்சட்டத்தில், தரையை நோக்கி. காலைக் கீழே வைத்ததும் தரை மட்டும் தெரியும். சுவரில் வைத்தால் புரண்டு படுத்தாலும் எரியும். பூனை இருக்கிற வீட்டில் எங்கே வைத்தாலும் எரியும்.

## பூச்சி மொய்க்கிறது, பல்லி அங்கேயே குடியிருக்கிறது

வெள்ளை ஒளிக்கு வருவதைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சி குறைவாக வரும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் எந்த நிறமானாலும் தப்பாது, ஜன்னலைச் சாத்துங்கள். பூச்சி குறைந்தால் பல்லி தானே இடம் மாறும்.

## பல்பு ஆயுசு நிற்கவில்லை

முழுக்க மூடிய கண்ணாடிக் குண்டுக்குள் எல்.இ.டி பல்பைப் போட்டிருந்தால் சூடு வெளியேறாமல் டிரைவர் கெடும். குடையின் மேல்பக்கம் திறந்திருக்கட்டும், வாட்டையும் குறையுங்கள்.

## சார்ஜ் விளக்கு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை

பெட்டியில் உள்ள எண்களை வைத்தே கணக்குப் போடலாம். 1200 மில்லிஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட் என்றால் நாலரை வாட்-மணி. இரண்டு வாட் வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம், அரை வாட்டில் எட்டு மணி நேரத்துக்கு மேல். படிக்கும் நேரத்துக்கு மட்டும் முழு வெளிச்சம் வைத்தால் போதும். புதிதிலேயே இந்தக் கணக்கில் பாதிகூட வரவில்லை என்றால் பெட்டியில் உள்ள எண் பொய், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய எமர்ஜென்சி லைட்டைத் தலைமாட்டுக்கு வைத்திருந்தால், அதில் இருப்பது ஈய அமில பேட்டரி. தீர்ந்துபோன நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் திரும்ப ஏறாது. எதுவானாலும் மெத்தை மேல் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். உப்பிய பேட்டரியை ஒரு நாளும் சார்ஜரில் மாட்டாதீர்கள்.

## விளக்கைத் தொட்டால் சுரீர் என்கிறது

இதை மற்றவற்றோடு சேர்க்கக்கூடாது. உடனே பிளக் பாயிண்ட் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள்; சுவர் விளக்கு என்றால் மெயினை அணையுங்கள். உலோக உடல் கொண்ட விளக்கு மூன்று பின் பிளக்கோடு வந்து, நீங்கள் அதை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் சொருகியிருந்தால், எர்த் இல்லாமல் ஓடுகிறது என்று பொருள். சரியான மூன்று பின் பாயிண்டுக்கு மாற்றுவது மட்டும் போதாது, உள்ளே கசிவு எங்கே என்று எலக்ட்ரீஷியன் பார்த்தபிறகே மறுபடி மாட்ட வேண்டும். கூடவே மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் விளக்கைக் கவனிக்கும் முன் அதை மாற்றுங்கள்.